வீட்டுக்குள் சொல் கேட்கிற நாய் கடற்கரையில் ஏன் கேளாது?

கேள்வி: “எங்கட ஜிம்மிக்கு 11 மாதம். தாய் லப்ரடோர், தகப்பன் ஊர்நாய். வீட்டுக்குள்ள ‘இரு’ எண்டா இருப்பான், ‘வா’ எண்டா வருவான், கை குடுப்பான். உப்புவெளிக் கடற்கரையில சங்கிலியைக் கழட்டினா ஆளே மாறிடுவான். தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பியும் பாக்கமாட்டான். போன கிழமை கரைவலைக்காரர் எறிஞ்ச மீன் ஒண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ரெண்டு போட்டாத்தான் திருந்துவான் எண்டு அயலட்டையில சொல்லினம். எனக்கு அடிக்க மனம் வரேல்லை. என்ன செய்யலாம்?”

பிள்ளை, நாய்க் கதைக்கு முதல் மீன் கதை. ஜிம்மி தூக்கிக்கொண்டு ஓடியது என்ன மீன் என்று பார்த்தீர்களா? வலை கரையேறியதும் சூடை, கீரி, நெத்தலியை அள்ளிவிட்டு, வேண்டாத பேத்தையை அந்த மணலிலேயே எறிந்துவிட்டுப் போவார்கள். பேத்தையின் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கிற நஞ்சு அவித்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. எங்கள் ஆட்களுக்கு அது தெரியும், நாய்க்குத் தெரியாது. தின்ற நாய்க்கு வாணீர் வடியும், சத்தி எடுக்கும், கால் தள்ளாடும், கடைசியில் மூச்சு விடுகிற தசையே வேலை செய்யாமல் போகலாம். மாற்று மருந்து கிடையாது. கெதியாய் மிருக வைத்தியரிடம் சேர்த்தால் நஞ்சு இறங்கும்வரை மூச்சைத் தாங்கிப் பார்க்கலாம், அவ்வளவுதான். சிலர் உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்க வைப்பார்கள். நாய்க்கு உப்பு அளவு மிஞ்சினால் அதுவே இன்னொரு நஞ்சு. அதைச் செய்யவே வேண்டாம்.

ஆகவே உங்கள் கேள்வியை நான் விளையாட்டாக எடுக்கவில்லை. கை கொடுக்கிறது வந்த சனத்துக்குக் காட்ட நல்லது. கூப்பிட்டால் திரும்பி வருவது, சொன்னால் வாயை எடுப்பது, நின்ற இடத்திலேயே கிடப்பது, இந்த மூன்றையும் எங்கேயும் எந்த நேரமும் செய்கிற நாயைத்தான் கடற்கரையில் அவிழ்க்கலாம். நான் மிருக வைத்தியரும் இல்லை, பட்டம் பெற்ற பயிற்சியாளரும் இல்லை. திருகோணமலை உவர்மலையில் ஒரு வளவுக்குள் 30 வருடமாய் நாய்களோடு மாரடிக்கிறவன். பிழைவிட்டுப் படித்ததுதான் அதிகம்.

ஜிம்மியைச் சொல் கேளாத நாய் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சொல்லை அவன் இன்னும் படிக்கவே இல்லை. நம்பாவிட்டால் இன்றிரவு ஒரு சோதனை செய்யுங்கள். கதிரையில் அவனுக்கு முதுகைக் காட்டி இருந்துகொண்டு, கையை அசைக்காமல், தலையைத் திருப்பாமல், ‘இரு’ என்று ஒருக்கா சொல்லுங்கள். அநேகமாய் முழித்துக்கொண்டு நிற்பான், இல்லாவிட்டால் சுற்றி வந்து உங்கள் முகத்தைப் பார்ப்பான். ‘இரு’ என்ற சத்தத்தை மட்டும் அவன் படிக்கவில்லையே. நீங்கள் குனிகிற விதம், கை மேலே போகிற விதம், குசினித் தரை, பிஸ்கட் பேணி திறக்கிற ஓசை எல்லாம் சேர்ந்த ஒரு காட்சியைப் படித்திருக்கிறான். உப்புவெளி மணலில் அந்தக் காட்சி இல்லை. ஏடு தொடக்கின பிள்ளை அரிசியில் எழுதின ‘அ’வைச் சிலேற்றிலும் எழுதும். நாய்க்கு அந்தத் தாவல் லேசில் வராது. குசினியில் ‘இரு’ ஒரு பாடம், விறாந்தையில் ‘இரு’ இன்னொரு பாடம், படலையடியில் மூன்றாவது. ஒவ்வொரு புது இடத்திலும் முதலாம் வகுப்பில் இருந்து தொடங்க வேண்டும். ஆனால் இரண்டாம் தரம் முதலாம் வகுப்பு முடிக்க அரைவாசி நாள்தான் எடுக்கும், மூன்றாம் தரம் அதிலும் குறைய. ஐந்தாறு இடம் கடந்த பிறகு, சொல்லுக்குத்தான் அர்த்தம், இடத்துக்கு இல்லை என்று அவனுக்கே பிடிபடும்.

வயசும் ஒரு காரணம். 11 மாதம் என்றால் அரும்பு மீசைப் பருவம். 2020இல் பிரித்தானியாவில், கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டப் பழக்குகிற நாய்க்குட்டிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 5 மாதத்தில் ‘இரு’வுக்கு ஒழுங்காக இருந்த குட்டிகள் 8 மாதத்தில் வளர்க்கிறவரின் சொல்லை அசட்டை செய்தன. அந்நியர் சொன்னபோது அந்தக் குறைவு இல்லை! பதினைந்து வயதுப் பெடியன் பக்கத்து வீட்டு மாமாவுக்குக் காட்டுகிற மரியாதைதான். இந்தப் பருவம் தானாகக் கடக்கும். ஆனால் கடக்கிற காலத்தில் அவிழ்த்துவிட்டு ஓடப் பழக்கினால், பருவம் போனாலும் பழக்கம் நிற்கும்.

இனிச் சொற்கள். தமிழில் நாய்க்குக் கட்டளை வைப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. இரு, படு, விடு, எடு, குடு என்று எங்கள் ஏவல் சொற்களில் பாதி இரண்டு குற்றெழுத்துக்குள் அடங்கி ‘உ’வில் முடிகிறது. காற்றுக்குள் 20 மீற்றர் தள்ளி நின்று கேட்டால் ‘படு’வும் ‘விடு’வும் எனக்கே ஒன்றுதான், நாயைக் குறை சொல்லி வேலையில்லை. எங்கள் வீட்டில் இருப்பதற்கு ‘இரு’, படுப்பதற்கு ‘கிட’, வாய் வைக்காமல் விடுவதற்கு ‘வேணாம்’. ஓசை ஒன்றோடொன்று முட்டாது. அவிழ்த்து விடுகிறபோது ‘போ’ என்பேன். அந்த ‘போ’ வரும்வரை ‘இரு’ என்றால் இருக்க வேண்டும், ‘கிட’ என்றால் கிடக்க வேண்டும். ‘நில்’, ‘பொறு’ என்று தனிச் சொல் வேண்டியதில்லை. நீங்கள் ‘சிற்’, ‘டவுண்’ என்று பழக்கினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் அடுத்த வளவில் இருந்த சிங்களக் குடும்பத்தின் நாய் ‘இந்தகன்ன’ என்றால் இருக்கும், தமிழில் சொன்னால் வாலை மட்டும் ஆட்டும். ஜெர்மனியில் ரிக்கோ என்ற நாய்க்கு 200க்கு மேற்பட்ட விளையாட்டுச் சாமான்களின் பெயர் தெரியும் என்று 2004இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஜிம்மிக்கு நாலு சொல் ஒரு பாரமே இல்லை. பாரம் எங்கே என்றால், நீங்கள் ‘இரு’ என்பீர்கள், தம்பி ‘சிற்’ என்பான், அம்மம்மா ‘அங்கால போய் இரடா சனியனே’ என்பார். நாலு சொல்லையும் ஒரு கடதாசியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். வீட்டில் எல்லாருக்கும் அதே சொல், ஒரே தரம். ஒருமுறைக்கு மேல் சொன்னால் அவன் படிப்பது ‘இரு-இரு-இரு’ என்ற மூன்றடுக்குச் சொல்லைத்தான்.

‘வா’வை மட்டும் நான் கைவிடச் சொல்வேன். நாள் முழுக்க வீட்டில் ‘வாங்கோ’, ‘சாப்பிட வா’, ‘இரு வாறன்’ என்று அந்த ஓசை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அதைவிட, உப்புவெளியில் நீங்கள் ‘வா’ என்று கத்திய ஒவ்வொரு முறையும் அவன் வராமல் இருந்து பழகியிருக்கிறான். அவன் அகராதியில் ‘வா’ என்றால் ‘அக்கா அங்கே நின்று சத்தம் போடுகிறா’ என்று பொருள். பழுதான சொல்லைத் திருத்துவதிலும் பார்க்கப் புதுச் சொல் வைப்பது சுகம்.

எங்கள் கரைக்கு விசில்தான் தோது. கச்சான் அடிக்கிற மாதங்களில் (தின்கிற கச்சான் இல்லை, வீசுகிற கச்சான்) காற்றுச் சத்தத்துக்குள் பெண்பிள்ளைக் குரலும் போகாது, என் குரலும் போகாது. விசில் போகும். விசிலுக்குக் கோபமும் தெரியாது. பதறிப்போய்க் கூப்பிடுகிற குரலில் பயம் இருக்கும், அது கேட்டால் நாய் இன்னும் தள்ளி நிற்கும். விளையாட்டுச் சாமான் கடையில் வாங்குகிற சாதாரண விசில் போதும். மனிதர் காதுக்குக் கேளாத நாய் விசில் என்று விற்பார்கள். எங்கள் காது 20,000 ஹேர்ட்ஸ் வரை, நாயின் காது 45,000 அளவு வரை கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் ஊதினது ஊதினவருக்கே தெரியாவிட்டால் என்ன பிரயோசனம்?

விசிலை இப்படித் தொடங்குங்கள். முதல் கிழமை எதையும் கேட்கவே வேண்டாம். வீட்டுக்குள் அவன் பக்கத்தில் நிற்கும்போது மூன்று குறு ஊதல், உடனே வாயில் ஒரு துண்டு இறைச்சி. நாளுக்கு 15 தரம், வேறு வேறு அறையில். ஊதுவதும் இறைச்சியும் அவன் தலைக்குள் ஒட்டிக்கொள்ளும், ருஷ்ய ஆய்வாளர் பாவ்லோவின் நாய்க்கு நடந்த அதே வேலைதான். இரண்டாம் கிழமை அடுத்த அறையில் நின்று ஊதுங்கள், பிறகு வளவின் மறுகோடியில் நின்று. மூன்றாம் கிழமை படலைக்கு வெளியே, கயிற்றோடு.

கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், அநேகம் பேர் வழுக்குவது இங்கேதான். பிஸ்கட்டைக் காட்டிக்கொண்டு ‘இரு’ என்றால் அது லஞ்சம். அவன் இருந்த பிறகு எங்கிருந்தோ ஒரு துண்டு வந்தால் அது கூலி. லஞ்சத்துக்கு வேலை செய்கிறவன் கையைப் பார்த்துத்தான் அசைவான், கை வெறுமையாய் இருந்தால் மேசையை விட்டு எழும்பமாட்டான். உங்களுக்கு அப்படி ஆட்களைத் தெரிந்திருக்கும். ஆகவே துண்டுகள் இடுப்புப் பையிலோ காற்சட்டைப் பின்பையிலோ இருக்கட்டும், கை வெறுமையாய் இருக்கட்டும். குட்டிக்கு முதன்முதலாய் ‘இரு’ காட்டும்போது மூக்குக்கு மேலால் துண்டைக் கொண்டுபோய் இருத்துவது சரி. அது ஐந்தாறு தரம், அதற்கு மேல் வேண்டாம்.

கூலிக்கு நேரமும் முக்கியம். 1898இல் தோண்டைக் என்ற அமெரிக்கர் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துப் பார்த்து எழுதினது இன்றைக்கும் நிற்கிறது: எந்தச் செய்கைக்குப் பின்னால் நல்லது வருகிறதோ அந்தச் செய்கை மறுபடி வரும். ‘பின்னால்’ என்றால் ஒரு வினாடிக்குள். அவன் இருந்து, எழும்பி, கொட்டாவி விட்ட பிறகு நீங்கள் பையைத் துழாவிக் கொடுத்தால், கொட்டாவிக்குத்தான் கூலி போகிறது. இந்த இடைவெளியை நிரப்ப ஓர் ஓசை வேண்டும். சரியாகச் செய்த அந்தக் கணத்தில் ஓசை, பிறகு ஆறுதலாய்த் துண்டு. 1940களில் பிரிலண்ட் என்ற தம்பதியினர் இதற்குச் சிறிய கிளிக் பெட்டியைப் பாவிக்கத் தொடங்கினார்கள். நான் முதலில் ‘ஓம்!’ என்று வைத்தேன். தொலைபேசியில் யாரோடாவது ‘ஓம், ஓம்’ என்று கதைத்தால் நாய் முன்னால் வந்து நின்று மீன் கேட்டது. இப்போது நாக்கை அண்ணத்தில் தட்டி ‘டொக்’ என்று ஒரு சத்தம். காசில்லை, தொலையாது.

துண்டு கச்சான் கொட்டை அளவு போதும். வீட்டுக்குள் பாண் கரையோ அவனுடைய வழக்கமான உணவோ காணும். வெளியில் சம்பளம் கூட்ட வேண்டும்: உப்பில்லாமல் அவித்த கோழி ஈரல், முள் எடுத்த மீன். கருவாடு நாய்க்கு உயிர், ஆனால் உப்பு. நெத்தலியைத் தண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு மூன்று தரம் கழுவி அவித்துக் கொடுக்கலாம், அதுவும் இடைக்கிடை. வெங்காயம் சேர்ந்த கறித்துண்டு, முந்திரிகை வத்தல், சொக்லேற் கூடாது.

ஒரு வேலை கைவந்த பிறகு ஒவ்வொரு தரமும் கொடுக்கத் தேவையில்லை. லொத்தர் சீட்டு வாங்குகிறவர் ஏன் விடாமல் வாங்குகிறார்? எப்போது விழும் என்று தெரியாததால்தான். அம்மம்மா பத்து நேரச் சாப்பாட்டில் ஒரு நேரம் பிட்டு உருட்டிப் போட்டால் ஜிம்மி பதினொராவது நேரமும் மேசையடியில் கிடப்பான் பாருங்கள், அந்த விதி இங்கேயும் வேலை செய்யும். ‘இரு’வுக்கும் ‘கிட’வுக்கும் அப்படி இடைவிட்டுக் கொடுங்கள். விசிலுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். விசில் கேட்டு வந்தால் சாகும்வரை ஒவ்வொரு தரமும் கூலி உண்டு.

விசிலை நாயைப் பேய்க்காட்டப் பாவிக்கக் கூடாது. குளிக்க வார்க்க, மருந்து பருக்க, உண்ணி பிடுங்க, கட்டிப்போட எல்லாம் நீங்களே நடந்துபோய்ப் பிடித்து வாருங்கள், ஊதாதீர்கள். கடற்கரையில் ‘நேரமாச்சு, வீட்ட போவம்’ என்கிற ஒரே ஒரு தருணத்தில் மட்டும் கூப்பிட்டால், கூப்பிடு என்றால் விளையாட்டு முடிந்தது என்று அவன் கணக்குப் பண்ணிவிடுவான். ஜிம்மி ஓடுவதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஒரு மணித்தியாலத்தில் பத்துத் தரம் ஊதுங்கள், வந்ததும் கழுத்துப்பட்டியை மெல்லப் பிடியுங்கள், துண்டைக் கொடுங்கள், ‘போ’ என்று திருப்பி விடுங்கள். பட்டியைப் பிடிப்பதும் பாடத்தில் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு முழம் தள்ளி நின்று கண்ணாமூச்சி காட்டப் பழகுவான். வராவிட்டால் துரத்த வேண்டாம். நாலு காலோடு இரண்டு கால் ஓடி வென்றதாய்ச் சரித்திரம் இல்லை. மறுபக்கம் திரும்பி நீங்கள் ஓடுங்கள், இருந்து மணலைக் கிண்டுங்கள். என்ன புதினம் என்று பார்க்க வருவான்.

கடினத்தைக் கூட்டுகிற வழி மூன்று: தூரம், நேரம், பிராக்கு. ஒரே நாளில் ஒன்றைத்தான் கூட்டலாம், அதைக் கூட்டுகிறபோது மற்ற இரண்டையும் குறைக்க வேண்டும். விறாந்தையில் 2 நிமிடம் இருக்கிறவனைப் படலையடியில், பாண்காரன் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற நேரம், 5 வினாடி இருக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்றுகொண்டே. நான் வைத்திருக்கிற அளவுகோல் இது: பத்துக்கு எட்டுத் தரம் சரி வந்தால் ஒரு படி ஏறு, ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி இறங்கு. அநேகம் பேர் விறாந்தையில் இருந்து நேரே கரைவலையடிக்குப் பாய்கிறார்கள். அங்கே மீன் வாசம், காகம், கட்டாக்காலி நாய்கள், ஓடுகிற பிள்ளைகள். படிக்காத பாடத்தில் சோதனை வைத்தால் யார் சித்தியடைவார்? சாம்பல்தீவுப் பக்கமோ, காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத வேறு கரையோ, அங்கே தொடங்குங்கள். மீன்வாடிகளில் இருந்து 200 மீற்றர் தள்ளி ஒரு கிழமை, 100இல் ஒரு கிழமை, அப்படிக் கிட்டக் கொண்டுபோங்கள். ஐந்து நிமிடப் பாடம் நாளுக்கு மூன்று போதும், அரை மணித்தியாலம் நீட்டினால் இருவருக்கும் விசர் பிடிக்கும்.

நேரம் விடிய ஏழு மணிக்கு முந்தி, இல்லாவிட்டால் பின்னேரம் வெயில் தாழ. வைகாசி தொடங்கி ஆவணி வரை எங்கள் மணல் கொதிக்கும். புறங்கையை மணலில் வைத்து ஐந்தாறு வினாடி தாங்க முடியாவிட்டால் அவன் பாதமும் தாங்காது. இளைக்கிற நாய் படிக்கமாட்டாது. நல்ல தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுபோங்கள், கடல் தண்ணீர் குடித்து வயிற்றாலே போன நாய்களை நிறையக் கண்டிருக்கிறேன். கட்டாக்காலி நாய்கள் நிற்கிற இடமென்றால் விசர்நாய்த் தடுப்பூசி அந்த வருடத்துக்குப் போட்டிருக்க வேண்டும், அதில் பேச்சில்லை.

‘வேணாம்’ பழக்குவது எல்லாவற்றிலும் சுவையான பாடம். மூடின கைக்குள் ஒரு துண்டு. அவன் நக்குவான், கிளறுவான், பல்லால் மெல்லக் கடிப்பான். கையை இறுக்கிப் பொறுத்திருங்கள், ஒன்றும் பேச வேண்டாம். சலித்து மூக்கை எடுக்கிற அந்தக் கணம் ‘டொக்’, மற்றக் கையில் இருந்து வேறு துண்டு. மூடின கையில் இருந்தது அவனுக்கு ஒருநாளும் கிடையாது, அதில்தான் விஷயம் இருக்கிறது. விடுகிறவனுக்கு வேறெங்கிருந்தோ நல்லது வரும் என்று படிக்கிறான். பிறகு விரித்த கை, பிறகு தரையில் வைத்துச் செருப்பால் மூடினது, பிறகு திறந்தது, பிறகு நடந்துபோகிற வழியில் நீங்களே முன்கூட்டி வைத்த கருவாட்டுத் துண்டு, கயிறு எட்டாத தூரத்தில். கடைசியாகத்தான் கரைவலை நடந்த இடம். வாயில் ஏற்கெனவே கவ்விவிட்டால் ‘வேணாம்’ பிந்திவிட்டது. அப்போது துரத்தினால் விழுங்கிவிடுவான். ஈரலைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். ஆம், அது லஞ்சம்தான். பேத்தை வாயில் இருக்கும்போது கொள்கை பேசிக்கொண்டிருக்க ஏலாது.

‘கிட’வை ஏன் இவ்வளவு பெரிதாய்ச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். என்னிடம் மணியன் என்று ஒரு நாய் இருந்தது. கூப்பிட்டால் வருகிற நாய் என்று ஊரில் பெயர். நான் அதில் கொஞ்சம் தலைக்கனமாயும் இருந்தேன். ஒருநாள் அவன் படலையால் நழுவி வீதிக்கு அந்தப் பக்கம் நின்றான், நான் இந்தப் பக்கம். கண்டதும் வாய் தானாய்க் கூப்பிட்டது. சொன்ன சொல் தட்டாமல் நேரே வந்தான். வான் ஒன்றும் வந்தது. உயிர் தப்பியது, பின்னங்கால் தப்பவில்லை. மிச்சம் ஒன்பது வருடம் அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் நடந்தான். அன்றைக்கு அவன் கேளாமல் இருந்திருக்கலாம், அல்லது நான் ‘கிட’ என்று சொல்லத் தெரிந்தவனாய் இருந்திருக்கலாம். அவனுக்கு ‘கிட’ என் காலடியில் மட்டும்தான் தெரியும். தூரத்தில் நின்று ஒருநாளும் பழக்கவில்லை.

தூரத்துக் ‘கிட’வில் உள்ள சிக்கல், நாய் முதலில் உங்களிடம் ஓடிவந்து பிறகு கிடப்பது. கூலி உங்கள் கையில் இருப்பதால் வேறெப்படிச் செய்யும்? ஆகவே அவனைத் தென்னையிலோ வேலிக்கதியாலிலோ கட்டுங்கள், அவன் முன்னால் வர முடியாதபடி. ஓர் அடி தள்ளி நின்று கையை உயர்த்தி ‘கிட’. கிடந்ததும் ‘டொக்’, துண்டை அவனுக்குப் பின்னால் எறியுங்கள். கூலி பின்பக்கம் விழுகிறதென்றால் முன்னுக்கு வர அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. ஓர் அடி மூன்றாகட்டும், மூன்று பத்தாகட்டும். பிறகு கட்டு இல்லாமல். பிறகு நடந்துகொண்டிருக்கும்போது, பிறகு பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது. இதற்கு இரண்டு மூன்று மாதம் போகும், அவசரப்பட வேண்டாம்.

மான் தனிக் கதை. கோட்டைக்குள்ளும் டச்சுக் குடாப் பக்கமும் ரவுணிலும் புள்ளிமான் மாடு மாதிரித் திரிகிற ஊர் இது. ஆளுக்குப் பயமில்லை, நாய்க்கு மட்டும் வெருளும், வெருண்டால் வீதிக்குப் பாயும். துரத்துவது என்பதே நாய்க்கு விருந்து, அதற்கு மேலான கோழி ஈரல் உலகத்தில் இல்லை. ஒருதரம் சுவை கண்டால் விசிலும் நானும் நீங்களும் அவனுக்கு ஒன்றும் இல்லை. ஆகவே மான் நிற்கிற இடத்தில் கயிறு கழற்ற வேண்டாம், எவ்வளவு கெட்டிக்கார நாயாக இருந்தாலும். தூரத்தில் மானைக் கண்டு, பிறகு உங்களைத் திரும்பிப் பார்த்தால் அதற்கு அள்ளிக் கொடுங்கள். என்னிடம் இருந்த நாய்களில் இரண்டைச் சாகும்வரை அந்தப் பக்கம் அவிழ்த்ததில்லை. அதை நான் தோல்வியாக எடுக்கவில்லை.

அயலட்டைக்காரரின் அடிக்கு வருகிறேன். ஜிம்மி அரை மணித்தியாலம் ஓடிவிட்டுத் திரும்பி வந்த பிறகு நீங்கள் அடித்தால், அவன் கடைசியாகச் செய்தது திரும்பி வந்தது. அடி அதற்குத்தான் விழுகிறது. ‘செய்தது பிழை எண்டு தெரிஞ்சுதான் முகத்தைத் தொங்கப்போடுறான்’ என்பார்கள். நாய் ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தார். பிழை செய்யாத நாயை உரிமையாளர் ஏசினாலும் அந்த முகம் வந்தது. நாயின் செய்கையைவிட ஏச்சுத்தான் அந்த முகத்தைக் கொண்டுவருகிறது. ‘நீ தலைவன் எண்டு காட்டோணும்’ என்கிற ஓநாய்க் கதையும் அயலில் வரும். அடைத்து வைத்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து எழுதினது அது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் விரிவாக எழுதினார். முன்னர் ‘தலைவன் ஓநாய்’ என்ற சொல்லைப் பரப்பினவர்களில் அவரும் ஒருவர். அடித்தால் நாய் அடங்கும், அதை மறுக்கவில்லை. அடிக்கிற கை எட்டுகிற தூரத்தில் மட்டும் அடங்கும், உங்களுக்குத் தேவை 50 மீற்றருக்கு அப்பால்.

வெடிச் சத்தத்துக்கு நடுங்கிற நாய்க்குத் திருவிழா நாளில் பாடம் எடுக்காதீர்கள். பயந்த தலைக்குள் ஒன்றும் ஏறாது. சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போன நாய்களோடு சேர்ந்து நாங்களும் கீழே கிடந்த ஊர் இது, அந்த நடுக்கம் உங்களுக்குச் சொல்லித் தெரியத் தேவையில்லை.

கயிறு: மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் 8 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 10 மீற்றர். மஞ்சள் அல்லது செம்மஞ்சள் வாங்கினால் மணலில் தெரியும். கழுத்துப்பட்டியில் கொழுவ வேண்டாம், வேகமாய் ஓடி முடிவுக்கு வந்தால் கழுத்து நெரியும். நெஞ்சுப்பட்டியின் முதுகு வளையத்தில் கொழுவுங்கள். கையில் சுற்றாதீர்கள், என் இடது சுண்டுவிரல் இன்னும் நேராகவில்லை. கயிறு மணலில் இழுபடட்டும், தேவைப்பட்டால் காலால் மிதிக்கலாம். வாடி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வேறு வேறு நாட்களில், ஒரே ஊதலுக்கு 20 தரம் தொடர்ந்து வந்தால் கயிற்றில் 3 மீற்றரை வெட்டுங்கள். பத்து ஏழாகும், ஏழு நாலாகும், நாலு ஒன்றாகும். ஒரு தரம் பிசகினாலும் புதுக் கயிறு வாங்கிப் பத்தில் இருந்து தொடங்க வேண்டியதுதான், கயிறு மலிவு. கடைசி ஒரு மீற்றரை நான் வெட்டுவதில்லை. இப்போது இருக்கிறவனுக்கு ஆறு வயது, கடற்கரைக்குப் போகிறபோது அந்த ஒரு மீற்றர் மஞ்சள் கயிறு இன்னும் முதுகில் தொங்கிக்கொண்டுதான் போகும்.